மச்சான் விரலுக்குப் போட்டுப் பாத்த கம்பிங்க

எல்லாரும் கொஞ்சம் உக்காருங்கப்பா. ஏ கீபோர்டு, சமோசாவ அப்புறம் தின்னு, காயிதம் சரசரன்னு சத்தம் போடுது. பாட்டுக்கார அம்மா, செல்ல உள்ள வைங்க. சிதம்பரத்துக்கு வேன் வர்ற வரைக்கும் என் கடைதான் உங்களுக்கு, என் வாய்தான் உங்களுக்கு. நான் பேசுறப்ப குறுக்க ஒருத்தரும் பேசக்கூடாது.

கிடாருக்குக் கம்பி மாத்துற தொழிலு செருப்புக் கடை மாதிரி. போட்டு உடுறவன் ஆயிரம் சொல்லுவான், கடிக்கிறது என்னவோ போட்டுக்கிறவன் காலுலதான். கச்சேரி கச்சேரின்னு அலைஞ்சு விரலு காய்ச்சுப்போன நீங்கல்லாம் அனுபவிச்சிருப்பீங்க. நான் சொல்லப்போறது அந்தோணி மச்சான் அனுபவிச்சது. என் பொண்டாட்டிக்கு அண்ணன், நம்ம ட்ரூப்புக்கு அவரு கிடாரு, நான் மிமிக்ரி. அதோ மூலையில ஒயரு சுத்திக்கிட்டு இருக்காரே, அவருதான். பேச்சு கம்மி. எதக் கேட்டாலும் "ம்". ரொம்பக் கோவம் வந்தா "ம்ம்".

சக்கர வந்த விரலு

மச்சானுக்கு சக்கர ஜாஸ்தியாகி இடது கை விரலு நுனியெல்லாம் மரத்துப்போச்சு. கம்பிய அமுக்குனா அமுக்குன மாதிரியே தெரியலன்னாரு. அந்த நேரம் பாத்து அவரு மக ஜெனிக்குக் கல்யாணம் முடிவாச்சு. மாப்ள வீடு சிதம்பரம். அவ நக கேக்கல, புடவ கேக்கல. "ரிசப்சன்ல அப்பா அந்த ட்யூன வாசிக்கணும்"னா. அவ தொட்டில்ல கெடந்தப்ப அழுதா, மச்சான் ஒண்ணு வாசிப்பாரு. பாட்டுல்லாம் கெடயாது, வெறும் கிடாரு. அதக் கேட்டாதான் தூங்குவா.

நான் சும்மா இருப்பனா? "விரல மாத்த முடியாது மச்சான், கம்பிய மாத்தலாம், எங்கிட்ட உடுங்க"ன்னு அவரு கிடார வாங்கி, கருத்துப்போயி கெடந்த பழைய கம்பிய கட்டிங் பிளேயர எடுத்து டப்பு டப்புன்னு வெட்டிப்புட்டேன். கடலூர் உப்புக்காத்துல கம்பி கருக்காம என்ன பண்ணும்? துருப்புடிச்சது குப்பைக்குப் போச்சு. மச்சான் குப்பக்கூடையவே பாத்துட்டு மெதுவா சொன்னாரு: "கம்பில ஒண்ணும் கோளாறு இல்ல மச்சான்."

முடி மாதிரி கம்பி

மொதல்ல இருக்கறதுலயே மெல்லிசு. லேசா தொட்டாப் போதும், பேசும். ஆனா மரத்த விரலுக்கு லேசுன்னா என்னான்னு எப்பிடித் தெரியும்? மச்சான் பலங்கொண்ட மட்டும் அமுக்குறாரு. மெல்லிசுக் கம்பிய அவ்ளோ அமுக்குனா சுருதி மேல ஏறிப்பூடும். ட்யூன் பாதி வர்றதுக்குள்ள எவனோ கிள்ளுன மாதிரி கத்துது கிடாரு.

கடையில அப்ப பெண்ணாடத்துக்காரரு ஒருத்தரு நின்னாரு. சுகர் மில்லுல வேல, சர்ச்சுல கிடாரு. தன் கிடார வாங்கிட்டுப் போவ வந்தவரு, கண்ணு கொட்டாம பாத்துட்டு சொன்னாரு: "எங்க மில்லுல கரும்பக்கூட இந்த அமுக்கு அமுக்க மாட்டாங்கய்யா."

பட்டுக் கம்பி

அடுத்து, உள்ள பட்டு நூலு வச்சு மேல கம்பி சுத்துனது. பூ மாதிரி இருந்துச்சு. கடையில கேட்டா தேனு. தேவனாம்பட்டினம் பீச்சுல ஒரு புரோகிராமுக்குத் தூக்கிட்டுப் போனோம். பக்கத்துல ஆக்டோபேடு அடிக்கிறான், எதுத்தாப்புல கடலு அடிக்குது. மச்சான் வாசிச்சது மச்சானுக்கே கேக்கல.

எறங்கி வந்து ஏதோ சொல்ல வாயத் தொறந்தாரு. நான் அதுக்குள்ள அந்தக் கிடாரு பேசுனா எப்பிடி இருக்கும்னு, காய்ச்சல்ல கெடக்குற கெழவன் கொரல்ல பேசிக் காட்டுனேன். எல்லாரும் சிரிச்சாங்க. நம்ம பாட்டுக்கார அம்மாதான் சிரிக்காம கேட்டாங்க: "அண்ணன் அத வாசிக்கிறாரா, தடவிக் குடுக்குறாரா?"

நைலான் கட்டுன கூத்து

விரலுக்கு நோகாத கம்பின்னா நைலான்தான். ஆனா அது வேற ஜாதிக் கிடாருக்கு உள்ளது. நம்ம கம்பி முனையில சின்னதா குண்டு இருக்கும், அதுதான் உள்ள மாட்டிக்கும். நைலானுக்குக் குண்டு கெடயாது. நான் யாரு? தூண்டில்காரன் கணக்கா முடிச்சு மேல முடிச்சாப் போட்டு மாட்டிட்டேன். அன்னைக்கே சிதம்பரத்துல கல்யாணக் கச்சேரி. புது நைலான் இருக்கே, அது இழுக்க இழுக்க நீளும். ரெண்டு மூணு நாளு ஊறுனாதான் நிக்கும். இது தெரிஞ்சும் மாட்டுனேன் பாருங்க, அவசரம்.

ஒரு பாட்டு முடியறதுக்குள்ள சுருதி எறங்குது. மச்சான் திருகுறாரு, எறங்குது. திருகுறாரு, எறங்குது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல நான் மைக்கப் புடிச்சு, ரிவர்ஸ் எடுக்கற டவுன் பஸ்ஸு, கண்டக்டரு விசிலு எல்லாத்தயும் எடுத்து உட்டு சமாளிச்சேன். வரும்போது வேன்ல மச்சான் மறுபடி, "மச்சான், அந்தக் கம்பி..."ன்னு ஆரம்பிச்சாரு. நான் உடனே அந்தக் கண்டக்டரு கொரல்லயே "கம்பியப் புடிச்சு உள்ள போ!"ன்னேன். வேனே குலுங்கிச்சு. அவரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. மண்டபத்து மேனேஜரு காசு குடுக்கறப்ப சொன்னது இது: "பாட்டுல கொறையில்ல தம்பி, கிடாருக்குத்தான் பாவம் தூக்கம் வந்துடுச்சு."

லால்பேட்டை பாய் குடுத்தது

லால்பேட்டை பாய் ஒருத்தரு நம்ம கஸ்டமரு. துபாய்லேர்ந்து வர்றப்பல்லாம் கம்பி வாங்கியாருவாரு. இந்தவாட்டி கொண்டாந்தது தட்டைக் கம்பி. சாதாக் கம்பியில தடிப்பானது மேல, மெல்லிசுக் கம்பிய சுருளு சுருளா சுத்தியிருக்கும். தொட்டா நரநரன்னு இருக்கும். விரல நகத்துனா கீச்சுன்னு ஒரு சத்தம் வரும், உங்களுக்குத் தெரியும். இதுல சுத்துனது தகடு. விலாங்கு மீனு மாதிரி வழவழன்னு போவுது.

அந்தக் கீச்ச வச்சு மச்சான நான் ஓட்டாத மேடை இல்ல. "கிடார்ல எலி பூந்துடுச்சு"ன்னு மைக்குலயே கத்திக் காட்டுவேன். விரலு மரத்தப்புறம் அந்தக் கீச்சு ஜாஸ்தியாச்சு. நான் எலியயும் ஜாஸ்தியாக்குனேன். ஜெனி ரிசப்சனுக்கு இதான் கம்பின்னு முடிவு பண்ணி, மொத நாளு சாயங்காலம் மாட்டி, ரிசப்சன் அன்னைக்கு நேரா மண்டபத்துலதான் அவரு கையில குடுத்தேன். பாய்கூட கம்பியக் குடுக்கறப்பவே சொன்னாரு: "இன்ஷா அல்லாஹ், இனிமே அந்தக் கீச்சு சத்தம் அறவே வராது."

தொட்டில் ட்யூனு

சிதம்பரம் மண்டபம். மேடையில பொண்ணு மாப்ள. மச்சான் புது சட்டையில நாக்காலி போட்டு உக்காந்தாரு. ஜனம் அமைதியாச்சு. மொத எடம் நல்லா வந்துச்சு. அடுத்து கைய மேல நகத்தணும். நகத்துனாரு, வேற எங்கயோ போயி நின்னுச்சு. திரும்ப ஆரம்பிச்சாரு. அதே எடத்துல தப்புச்சு. குனிஞ்சு பாத்தாரு. வீடியோக்காரன் லைட்டு கண்ணுல அடிக்குது. மூணாவதா வலது கை மட்டும் ஒருதடவ மீட்டிட்டு நின்னுச்சு. கிடார மெதுவா கீழ சாத்திட்டு, எழுந்து போயி மக தலையில கை வச்சாரு.

நான் ஓடிப்போயி மைக்கப் புடிச்சு வாய்க்கு வந்த கொரல்லல்லாம் பேசுனேன். மண்டபமே சிரிச்சுது. ஜெனி மட்டும் சிரிக்கல. கீழ எறங்குனப்ப என் கையப் புடிச்சா: "மாமா, அப்பாவுக்கு விரலு எங்க நிக்குதுன்னு அந்தக் கீச்சுதான் சொல்லும், அதப் போயி எதுக்கு மாமா எடுத்தீங்க?"

ஆணியில தொங்குறது

அந்தா சொவத்துல தொங்குதே, அதுதான் அந்தக் கிடாரு. ரிசப்சன் முடிஞ்சு வந்த மறுநாளே தட்டைக் கம்பியக் கழட்டிட்டு, இருக்கறதுலயே நரநரன்னு இருக்கறதாப் பாத்துப் போட்டேன். நான் நகத்துனா எலி குடும்பத்தோட கத்துது. மச்சான் தொடல. இனிமே கச்சேரியில சவுண்டு மிக்சரு பாத்துக்கறேன்னுட்டாரு. ஜெனி போன் பண்றப்பல்லாம் "அப்பா வாசிக்கிறாரா மாமா?"ன்னுதான் கேக்குறா. எனக்குத் தெரிஞ்ச அத்தன கொரல்லயும் அதுக்கு மட்டும் பதில் சொல்ல ஒரு கொரல் இல்ல.

எனக்கு ஆத்தாமை என்னான்னா, மச்சான் வாயத் தொறந்து ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கலாம். ஆக மொத்தம் நம்ம தொழிலு இதான்: உலகத்துல உள்ள கம்பியெல்லாம் போட்டுப் பாத்துட்டோம், அவரு வாயிலேர்ந்து ஒரு சத்தம் வரவழைக்கிற கம்பி மட்டும் கெடைக்கல.

மூலையில ஒயரு சுத்துறது நின்னுச்சு. மச்சான் தல நிமிந்து பாத்தாரு:

"எல்லாக் கம்பியும் மாத்திப் பாத்தியே மச்சான், ஒருநாளு ஒன் வாய மூடிப் பாத்தியா?"