ரயில்வே சுவருக்கு அந்தப் பக்கம்

என் எழுத்து கோணல். பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், தமிழ் எழுதியே பல வருஷமாகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தாராவியில் எங்கள் சந்துக்கு ஒரு முனையில் ரயில்வே சுவர். மறுமுனையில் நாலா என்று நாங்கள் சொல்லும் சாக்கடைக் கால்வாய். சுவரை ஒட்டியது என் வீடு. நாலாக்கரையில் முறுக்கு போடும் அக்காவின் வீடு. அதில் பாதி தண்ணீருக்கு மேலே பலகையில் நிற்கிறது.

குடிசைகளை இடித்துவிட்டுப் புது வீடு கொடுப்பதற்காக அளக்க வந்தார்கள். அளந்த பெண் மாட்டுங்காவில் வளர்ந்தவள், தமிழ் பேசினாள். கூரைமேல் கருவியை வைத்து அளந்துவிட்டுத் திரையைக் காட்டினாள். அதில் பழைய மேப்பின் கோடுகள். அவற்றின்படி என் வீடு சுவரைத் தாண்டி ரயில்வே நிலத்தில் கிடந்தது. ரயில்வே நிலம் என்றால் புது வீடு கிடையாது.

“ஒமக்கென்ன அண்ணாச்சி, இனி டிரெய்ன் ஒம்ம அடுப்படிக்கே வரும். பாஸும் எடுக்க வேண்டாம்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நான் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். அது இருந்த இடத்தில்தான் இருந்தது.

மறுநாள் பை தைக்கும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அளக்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்த பந்தலுக்குப் போனேன். உள்ளே போகக் கூச்சமாக இருந்தது. அந்தப் பெண்ணே கூப்பிட்டாள்.

“பழைய மேப்பும் தப்பில்ல அங்கிள், மெஷினும் தப்பில்ல. பூமியோட வடிவத்தை அது ஒரு மாதிரி வெச்சுண்டு அளந்தது, இது வேற மாதிரி. அதனால ஒரே இடத்துக்கு ரெண்டு நம்பர் வரும். ஒண்ணை இன்னொண்ணா மாத்த ஒரு கணக்கு இருக்கு. ஆபீஸ்ல நாடு முழுக்கப் பொதுவா உள்ளதைப் போட்டுட்டா. நம்ம ஏரியாவுக்குச் சரியா போட்டிருக்கணும். கோடெல்லாம் பத்துப் பதினைஞ்சு அடி நாலாப் பக்கம் நகர்ந்துடுத்து. மனு குடுங்கோ, மாத்திடுவா.”

எனக்கு மூச்சு வந்தது. பிறகுதான் கேட்டேன். “அப்ப நாலாக்கரை வீடு?”

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இப்போ கோட்டுக்கு உள்ள இருக்கு. திருத்தினா வெளில, நாலாவுக்குள்ள போயிடும். அதுக்கும் புது வீடு கிடையாது.”

அக்காவிடம் சொல்லாமல் மனு கொடுக்க மனம் வரவில்லை. போய்ச் சொன்னேன். அவள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒன் வீடு சொவத்துக்கு இந்தப் பக்கந்தானல இருக்கு. குடு. நான் வேண்டாம்னு சொன்னா விட்ருவியா?”

எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். விடமாட்டேன் என்று அவளுக்கும் தெரியும். மனு கொடுத்தேன்.

கோடு நகர்ந்தது. என் கதவில் புது வீட்டுக்கான எண் எழுதினார்கள். அக்கா கதவில் முன்பே எழுதியிருந்த எண்ணைப் பெயிண்ட் அடித்து மறைத்தார்கள். எங்கே போவாய் என்று நான் கேட்கவில்லை. சந்தில் பார்த்தால் எப்போதும்போல “சாப்ட்டியா தம்பி” என்கிறாள். நான் ‘ஆச்சுக்கா’ என்று சொல்லிக்கொண்டே வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுகிறேன்.

தாராவி, 2025 ஜூன் 15, ஞாயிறு.