நான் நடக்காத நடை

ஐம்பத்து மூன்றாவது வயதில் எனக்குச் சர்க்கரை வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் நான். நாள் முழுக்க நின்றுகொண்டுதானே பேசுகிறேன், இதற்குமேல் உடம்புக்கு என்ன வேலை வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். நிற்பது வேறு, நடப்பது வேறு என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் பழக்கமானவர்தான் பாய். மேலப்பாளையத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பதினெட்டு வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு ஊருக்கு வந்து எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். சர்க்கரையில் எனக்கு ரொம்ப சீனியர். டோக்கன் நம்பர் கூப்பிடும் வரைக்கும் இருவரும் கிரிக்கெட் பேசுவோம். அவர் பேசினால் பக்கத்து நாற்காலிக்காரர்களும் திரும்பி உட்கார்ந்து கேட்பார்கள்.

சவாலை ஆரம்பித்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உலகக்கோப்பை நம் நாட்டில் தொடங்க இருந்த நேரம். "ஃபைனல் முடியுற வரைக்கும் தினமும் பத்தாயிரம் ஸ்டெப். ஒருநாள் விடப்படாது. யாரு ஜாஸ்தி நடக்காங்கன்னு பாத்துருவோம் பாய்" என்றேன்.

"வாத்தியாரே, நீரு தச்சநல்லூரு முக்குல இருக்க கடைக்கே பைக்குல போறவரு. நீரா நடக்கப்போறீரு?" என்று சிரித்தார். பிறகு கையை நீட்டினார். "சரிவே. எறங்கியாச்சு."

தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், போன் காட்டும் கணக்கைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

முதல் பத்து நாள் நான் உண்மையாகவே நடந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு, தெருத்தெருவாகச் சுற்றி புறவழிச்சாலை வரை போய்த் திரும்புவேன். பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் போவார். ஆனால் ஆட்டங்கள் எல்லாம் மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கின. நான் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது ஆட்டம் சரியான கட்டத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு செருப்பை மாட்டுவது எனக்கு நாளுக்கு நாள் பெரிய வேதனையாகிவிட்டது.

அப்போது என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரன் பிறந்து இரண்டு மாதம். கூடத்தில் மோட்டார் வைத்த ஸ்பிரிங் தொட்டில். சுவிட்சைப் போட்டால் அது பாட்டுக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். ஒருநாள் தாலாட்டுப் பாட்டைப் போட்டுப் போனைத் தொட்டிலுக்குள் வைத்துவிட்டு, நான் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஆட்டம் முடிந்து போனை எடுத்துப் பார்த்தால், நடக்காத நாலாயிரம் அடி ஏறியிருந்தது.

அன்றைக்கு நான் சிரித்தேன். வேடிக்கையாகத்தான் இருந்தது. படத்தை பாய்க்கு அனுப்பி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். படத்தை மட்டும் அனுப்பினேன்.

"மேட்ச் நாள்லயும் நடந்துட்டீரேவே! நான் தோத்துருவேன் போலுக்கே" என்று பதில் வந்தது. அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது. மறுநாள் நானே சுவிட்சைப் போட்டேன்.

பிள்ளை பக்கத்தில் போனை வைக்காதீங்கப்பா என்று மகள் சத்தம் போட்டாள். அதனால் குழந்தை அவள் மடியில் இருக்கும் நேரமாகப் பார்த்து, போனை மட்டும் படுக்கப்போட்டு ஆட்டினேன். என் மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

"வெறுந்தொட்டில ஆட்டப்படாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? பிள்ளைக்கு ஆகாதுங்க!"

"மோட்டார் சரியா ஓடுதான்னு பாக்கேன்" என்றேன்.

அடுத்த நாள் தொட்டிலுக்குள் ஒரு சின்னத் தலையணையை வைத்து, அதன்மேல் போனை வைத்தேன். தலையணை இருந்தால் அது வெறுந்தொட்டில் இல்லையாம். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கில் ஏமாற்றக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவன் செய்த சமாதானம் இது.

பாய் பத்தாயிரத்து நானூறு அனுப்பினால் நான் பதினோராயிரம் அனுப்பினேன். அவர் பன்னிரண்டாயிரம் வந்தார். எனக்கென்ன, சுவிட்சை இன்னும் அரைமணி நேரம் ஓட விட்டேன். அவர் என்னைத் துரத்தத் துரத்த என் தொட்டில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

இதைவிட வெட்கமான ஒன்று உண்டு. ஆட்டம் நடக்கும்போது நடந்துகொண்டே எனக்கு போன் பண்ணுவார். கிரிக்கெட் என்றால் அவருக்கு உயிர், ஆனால் சொன்ன சொல்லுக்காக அதைப் பார்க்காமல் நடந்தார். "ஸ்கோர் என்னவே? அங்கன எங்கயாவது டீக்கடைல எட்டிப் பாத்துச் சொல்லும்." நான் தொட்டிலிலிருந்து போனை எடுத்து, டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, சோபாவில் சாய்ந்தபடி, மூச்சு வாங்குகிற மாதிரி இரைத்து இரைத்து ஸ்கோரைச் சொல்வேன். "பைய நடவும்வே. அவசரம் இல்ல" என்பார். எனக்காகக் கவலைப்படுவார். கையில் முறுக்கு இருந்தது எனக்கு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாத மழை. இன்றைக்கு யாரும் நடக்க முடியாது, விட்டுவிடுவோம் என்று நான் ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் வழக்கம்போலப் பதின்மூன்றாயிரம் அனுப்பினேன். அரைமணி கழித்து அவரிடமிருந்து பதினாலாயிரம் வந்தது. குடை பிடித்துக்கொண்டு, தெப்பமாக நனைந்த ஷூவோடு ஒரு படமும் கூடவே வந்தது. நான் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பினேன்.

ஃபைனலைச் சேர்ந்து பார்க்கலாம் என்று அவர் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். ஒரு ஆட்டமும் தோற்காமல் வந்திருந்தோம், அன்றைக்கும் ஜெயித்துவிடுவோம் என்று ஊரே நம்பியது. நான் போனபோது பாய் காலையிலேயே தன் கணக்கை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து வந்தபோது லேசாகக் காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். கேட்டதற்கு ஷூ கொஞ்சம் இறுக்கம் என்றார். அவர் மனைவி நெய்ச்சோறும் கறியும் வைத்து, "உங்களாலதான் சார் இவங்க ஒழுங்கா நடக்காங்க. நான் சொன்னா கேக்கவா செய்வாங்க" என்றார். எனக்குச் சோறு இறங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும், நன்றாகவே இறங்கியது.

நாம் பேட் செய்து முடித்த இடைவேளையில் பாய் சாக்ஸைக் கழற்றினார். வலது கால் பெருவிரல் பக்கம் சாக்ஸ் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இழுத்தபோது ஒரு நாற்றம் வந்தது. விரலுக்கு அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் போய், உள்ளே கறுத்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அந்தப் பாதத்தில் அவருக்கு உணர்ச்சி குறைந்து பல வருஷம் ஆகியிருந்தது.

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போவோம், எந்திரிங்க."

"வலிக்கவே இல்லியே. மேட்ச் முடியட்டும்" என்றார் பாய். என்னைப் பார்த்து, "என்னவே, சொல்லும்" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எதிரணி ஆட ஆரம்பித்திருந்தது. சீக்கிரமே மூன்று விக்கெட் விழுந்தும் விட்டது. "ஞாயித்துக்கெழமை டாக்டர் இருக்க மாட்டாரு. காலைல முத ஆளா போயிருவோம்" என்றேன். அதன் பிறகு வெகுநேரம் விக்கெட்டே விழவில்லை. நாம் தோற்றோம். தெருவில் ஒரு சத்தம் இல்லை. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காலையில் டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு நடந்தீங்க?"

"பதினாலாயிரம் வரைக்கும் போனேன் டாக்டர்" என்றார் பாய். குரலில் பெருமை இருந்தது.

"சர்க்கரைக் காலை வச்சிக்கிட்டு, மழைல, பதினாலாயிரமா? யாரு சொன்னா?"

பாய் என்னைக் காட்டினார். "இவரு பதினஞ்சு நடக்காரே."

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார். நான் வயிற்றை எக்கிக்கொண்டேன். அந்த வாரத்துக்குள் பாயின் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

நான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஆரஞ்சுப்பழம் இல்லாமல் சர்க்கரைக்காரருக்கு என்ன வாங்கிப் போவது என்று தெரியாமல் கொய்யாக்காய் வாங்கிப் போனேன். தினமும் சொல்லிவிட நினைத்தேன். மூன்று வாரம் கழித்து, அவர் வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு சாயங்காலம் சொன்னேன். தொட்டில், தலையணை, மூச்சு வாங்கியது எல்லாம். அவர் முகத்தைப் பார்க்காமல் கட்டில் காலைப் பார்த்தே சொல்லி முடித்தேன்.

திட்டுவார், வெளியே போம் என்பார் என்று காத்திருந்தேன். கட்டில் குலுங்கியது. நிமிர்ந்து பார்த்தால், பாய் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"தொட்டில்லயா போனீரு? அடப்பாவி மனுசா! அப்பம் நான் பச்சப்பிள்ள தொட்டிலோடயா போட்டி போட்டேன்?"

அன்று முதல் அவரைப் பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். நான் அருகில் இருந்தால் ரொம்ப உற்சாகமாகச் சொன்னார். நான் மூச்சு வாங்கியதை அவர் நடித்துக் காட்டும்போது வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது. அவர் திட்டியிருந்தால் அந்த வீட்டுப் படியை மிதிக்காமல் இருந்திருப்பேன், அது எனக்குச் சுலபம். அவர் சிரித்துவிட்டதால் போகாமல் இருக்க முடியவில்லை.

அப்படி ஒருநாள், விருந்தாளிகளை வாசல்வரை அனுப்ப பாய் கம்பை ஊன்றிக்கொண்டு போனார். அவர் மனைவி டம்ளர்களை எடுக்க வந்தார். என் கையில் இருந்ததை வாங்குவதற்கு முன் நின்றார்.

"அந்த மழைக்கி வெளிய போவாதீங்கன்னு நான் கெஞ்சுனேன் சார். 'வாத்தியாரு நடக்காருல்லா, நான் படுத்துக் கெடந்தா நல்லாருக்குமா'ன்னுட்டுதான் குடைய எடுத்தாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். பதிலுக்கு அவர் காத்திருக்கவும் இல்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாசலில் பாய் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் எழுந்திருக்கவும் முடியாமல், உட்கார்ந்திருக்கவும் முடியாமல், வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் இருந்தேன்.