அப்பாவின் பல்செட்

அப்பா இறந்த அன்று காலையில் எனக்கு அழுகையே வரவில்லை. பல்லடத்திலிருந்து சொந்தக்காரர்கள் வருவதற்குள் அவருக்குப் பல்செட்டை மாட்டிவிடச் சொன்னாள் அம்மா. பொக்கை வாயோடு யார் முன்னாலும் நிற்காத மனுஷன்.

நான் பனியன் பிரிண்டிங்கில் வேலை பார்ப்பவன். ஈரத் துணியில் ஸ்டிக்கர் ஒட்டாது. அந்தப் பழக்கத்தில் பல்செட்டைப் பனியன் வேஸ்ட் துணியால் ஈரம் போகத் துடைத்து, ஒட்டும் பொடியைத் தூவி, மேல் அண்ணத்தில் அழுத்தினேன். நிற்கவில்லை. மறுபடி துடைத்து இன்னும் கொஞ்சம் பொடி போட்டேன். நழுவி என் உள்ளங்கையில் விழுந்தது. ரிஜெக்ட் ஆன பீஸைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா டம்ளரில் தண்ணீரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"காஞ்சு கெடந்தா அந்தப் பொடி ஒட்டாது கண்ணு. தண்ணி தொட்டு வெய்யி."

"அப்பா ஒருநாளும் தண்ணி தொட்டு வெச்சதில்லையேம்மா?"

"அவருக்கு வாயில எச்சி ஊறுச்சு, அதுலயே நின்னுக்கிச்சு. இப்ப நாமதான் நனைக்கோணும்."

பல்செட்டைத் தண்ணீரில் முக்கிப் பொடியைத் தூவினேன். ஈர விரலால் அப்பாவின் அண்ணத்தைத் தடவினேன். அப்பா போய்விட்டார் என்று டாக்டர் சொன்னபோது உறைக்காதது அந்த வறட்சியில் விரல் பட்டபோதுதான் உறைத்தது.

பல்செட் நின்றது.

இன்றும் ஸ்டிக்கர் வைக்கும் முன் துணியைத் தொட்டுப் பார்க்கிறேன். நன்றாகக் காய்ந்திருந்தால் கை ஒரு கணம் அப்படியே நின்றுவிடுகிறது.