கமலநாதனின் நெற்றிச் சுருள்

மலேசியாவின் மூவாரில் கமலநாதனை அறியாத தமிழர் இலர். அதற்குக் காரணம் அவர் செய்த நற்செயல் எதுவுமன்று. அவருடைய நெற்றியில் தொங்கும் ஒரு கற்றை முடி. எழுபது வயதைக் கடந்த பின்னும் அம்முடி கன்னங்கரேலென்று வளைந்து இடப்புருவத்தைத் தொட்டு நிற்கும். ஒரு காலத்தில் நடிகர் ஜெயமார்த்தாண்டனின் நெற்றியிலும் அப்படித்தான் நின்றது. மரச்சாமான் தொழிற்சாலையில் மெருகு பூசும் பிரிவில் வேலை பார்த்தபோதும், நாற்காலிக் காலுக்கு எண்ணெய் தடவிய அதே அக்கறையோடு கமலநாதன் அச்சுருளுக்கும் எண்ணெய் தடவி வந்தார்.

இளைய தலைமுறைக்காக ஜெயமார்த்தாண்டனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நாடகக் குழுவில் பெண்வேடமிட்டுத் தொடங்கியவர். ஐம்பது வயதிலும் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கல்லூரி மாணவனாக ஓடியவர். வாளெடுத்து ஒரு படையையே சாய்த்த பின்னும் அவருடைய நெற்றிச் சுருள் கலையாது. அது கலையாததையே வீரமென்று கொண்டாடிய காலம் அது. சம்பள வாரத்தில் ரப்பர் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்கள், தம் முதுகுவலிக்கு அழ நேரமில்லாதவர்கள், அவருடைய துன்பத்துக்காகத் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். அவர் அந்தக் கண்ணீரை வாங்கிக்கொண்டு சென்னையில் மாளிகை கட்டினார்.

அவருடைய படமொன்றில் தாய் இறந்துவிடுவாள். நாயகன் சிதையின் முன் தலையை மழித்துக்கொண்டு கதறுவான். அப்படம் மூவாரில் வெளியான அன்று, மீசை அரும்பும் வயதிலிருந்த கமலநாதன் தானும் மொட்டையடித்துக்கொண்டு வீடு திரும்பினார். பால்மரம் வெட்டிவிட்டு வந்த அவருடைய தாயார் செல்லம், வாளியைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, யாருடா செத்தது?"

"தலைவரோட அம்மா."

"எப்போடா?"

"இடைவேளைக்கு அப்புறம்."

அழுவதா சிரிப்பதா என்று செல்லத்துக்குத் தெரியவில்லை. "நான் உசுரோட இருக்கறப்பவே மொட்டையா? நாளைக்கு நான் போனா எனக்கும் எடுப்பியாடா?" என்று கேட்டாராம். "ஒனக்கு எடுக்காம யாருக்கும்மா எடுப்பேன்?" என்றாராம் மகன். செல்லம் இதைச் சாகும்வரை வந்தவரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். எதிர்வீட்டுக்காரனான நானே பலமுறை கேட்டிருக்கிறேன். செல்லத்துக்கு ஒரே மகன். தன் சிதைக்குத் தீ வைக்க ஒருவன் தலை மழித்து நிற்பான் என்பதைத் தவிர அவர் வேறெதையும் மகனிடம் எதிர்பார்க்கவில்லை.

சென்ற ஆண்டு ஜெயமார்த்தாண்டனுக்கு நூற்றாண்டு. கமலநாதன் ரசிகர் மன்றத் தலைவர். மன்றத்தில் அவரையும் பிரியாணிக்காக வருபவர்களையும் தவிர வேறு யாருமில்லை என்பது வேறு. நடிகரின் பேரன் சென்னையிலிருந்து வருவதாகவும், கமலநாதன் பட்டு ஜிப்பாவில் தலைவரின் தோற்றத்தில் நின்று மேடையில் அவரை வரவேற்பதாகவும் ஏற்பாடு. விழா ஞாயிற்றுக்கிழமை. செல்லம் புதன்கிழமை இறந்தார்.

நாவிதர் வந்து வாசல் கூடாரத்தில் காத்திருந்தார். கமலநாதன் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. அவருடைய அக்காள் கஸ்தூரி உள்ளே சென்று கையைப் பிடித்து இழுத்துவந்தார்.

"அக்கா, ஞாயித்துக்கெழம டேவான் மண்டபத்துல விழா இருக்கு. தலைவர் பேரன் வர்றாரு. மொட்டத் தலையோட எப்படி நிக்கறது?"

"அலமாக்! அம்மா செத்துக் கெடக்கறாங்க, ஒனக்கு விழாவா?"

"ஓரமா கொஞ்சம் நறுக்கிக்கிறேன். பதினாறாம் நாள் காரியத்தன்னிக்கு முழுசா எடுத்துடறேன். அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்க லா."

"ஆமா லா. இப்ப எப்படிச் சொல்லுவாங்க?"

ஒட்டுமுடி வைத்துக்கொள்ளலாமே என்று யாரோ யோசனை சொன்னார். கமலநாதனுக்குக் கோபம் வந்துவிட்டது. "தலைவரோட ரத்தத்துக்கு முன்னாடி போலி முடியோட நிக்கச் சொல்றீங்களா?" என்று சீறினார். போலியின்மீது அவருக்கு அவ்வளவு வெறுப்பு!

அப்போது செனாயிலிருந்து வந்திருந்த அவருடைய மகன் செல்வா, சட்டையைக் கழற்றிவிட்டு நாவிதரின் முன் உட்கார்ந்தான்.

"எனக்கு எடுங்கண்ணே. மீசையும்."

கஸ்தூரி பதறினார். "ஒங்கப்பா இருக்கறப்ப நீ மீசை எடுக்கக்கூடாதுடா!"

"அப்பா எங்க அத்தை இருக்காரு? அங்க நிக்கறது தலைவர் லா."

பேரன் தீ வைத்தான். மகன் கறுப்புக் கண்ணாடி அணிந்து சற்றுத் தொலைவில், காற்றடிக்காத பக்கமாக நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை விழாவுக்குக் கூட்டம் வந்தது. தீட்டு வீட்டுக்காரர் மேடையேறலாமா என்று கேட்டவர்களிடம், அது கோயில் விழா இல்லை என்று கமலநாதன் விளக்கமளித்தார். நடிகரின் பேரன் நல்லவிதமாகத்தான் பேசினார். அந்தப் புகழ்பெற்ற மொட்டைக் காட்சியைப் பற்றி யாரோ கேட்டபோது அவர் சிரித்துவிட்டார்.

"அது ரப்பர் தொப்பிங்க. தாத்தா அப்போ வேற மூணு படத்துல நடிச்சிட்டிருந்தாரு, முடிய எடுக்க முடியுமா? அவரோட சொந்த அம்மா தவறினப்பகூட எடுக்கல. சின்னத் தாத்தாதான் எடுத்துக்கிட்டுக் கொள்ளி வச்சாரு."

 செல்லத்தின் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தவர்கள் பலர் அங்கே இருந்தனர். எல்லாரும் கமலநாதனைப் பார்த்தனர். தலைகுனிவார் என்று நானும் எதிர்பார்த்தேன். மனிதரின் முகமோ திருவிழா விளக்குப்போல் ஒளிர்ந்தது. மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"கேட்டீங்களா சார்? தலைவரும் எடுக்கலையாம்!"

திடலில் அழுத அத்தனை பேரின் கண்ணீரும் ஒரு ரப்பர் தொப்பிக்குச் சிந்தப்பட்டது என்பது அவரை உறுத்தவில்லை. தம் வாழ்நாளிலேயே முதன்முறையாக, முயலாமலே தலைவரைப்போல் நடந்துகொண்டுவிட்ட பெருமிதம் அவருக்கு.

பதினாறாம் நாள் நாவிதர் மீண்டும் வந்தார். "வேணாம்ப்பா. தலைவர் வழி என் வழி" என்று கமலநாதன் அவரைத் திருப்பியனுப்பினார். காரியத்தின் முடிவில், கொள்ளி வைத்தவனுக்கு உருமால் கட்டும் நேரம் வந்தது. செல்லத்தின் அண்ணன் மகன் புதுத்துணியுடன் எழுந்தார். அவர் கிள்ளானிலிருந்து அன்றுதான் வந்தவர். கொள்ளி வைத்தது யாரென்று அறியாதவர். வழக்கப்படி மகனை நோக்கி நடந்தார். கமலநாதனும் சற்றும் கூசாமல் தலையை நீட்டினார்.

கஸ்தூரி இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"அங்க வேணாம் மச்சான். சுருள் கலஞ்சிடும்."

துணி, முள்முள்ளாய் முடி முளைத்திருந்த செல்வாவின் தலையைச் சுற்றிக் கட்டப்பட்டது. கமலநாதனின் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. சுருள் கலையாமல்தான் இருந்தது.