அம்மா நடந்தே ஓட்டிய வண்டி

என் அம்மா நேயுசா பிரேசிலில் பன்னிரண்டு வருடம் வேன் ஓட்டியவள். லொந்திரீனா சந்தைக்கு மாமாவின் தக்காளிக் கூடைகளை விடிவதற்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பி வந்து என்னைப் பள்ளிக்கு எழுப்புவாள். அப்படிப்பட்டவள் ஜப்பானுக்கு வந்த பிறகு நான்கு வருடம் பேருந்து நிறுத்தத்தில் நின்றாள்.

அப்பாவின் தாத்தா ஜப்பானிலிருந்து பிரேசிலுக்குப் போனவர். மியாசாக்கி என்ற எங்கள் குடும்பப் பெயர் அவருடையது. அந்த வழியில்தான் எங்களுக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி கிடைத்தது. ஹமாமாட்சுவில் கார் உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருவருக்கும் வேலை. ஊரின் வட கோடியில் அரசுக் குடியிருப்பில் மூன்றாம் மாடி. அப்பா அதெமீருக்குச் சிறுவயதிலேயே ஒரு கண் பழுதாகிவிட்டதால் அவருக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. ஆக, வீட்டுக்குக் கார் வரவேண்டுமென்றால் அது அம்மாவால்தான் வர வேண்டும். 1994 வசந்தத்தில், அவளுடைய பிரேசில் உரிமத்தை ஜப்பான் உரிமமாக மாற்றிக்கொள்ளப் பரீட்சைக்குப் போனாள். எனக்குப் பத்து வயது, தம்பி ரொஜேரியோவுக்கு ஆறு.

முதல் தடவை காரில் ஏறுவதற்கு முன் அதைச் சுற்றிப் பார்க்கவில்லை என்று தோற்றாள். இரண்டாம் தடவை இடப்பக்கம் திரும்பும்போது அகலமாகத் திரும்பிவிட்டாள். மூன்றாவது தடவை, பிரேசில் வண்டிப் பழக்கத்தில் திரும்பும் விளக்கைப் போடுவதாக நினைத்து, நல்ல வெயிலில் கண்ணாடி துடைப்பானை ஓடவிட்டாள். நான்காவது தடவை, நிறுத்தக் கோட்டில் சக்கரம் முழுதாக நிற்கவில்லை. ஐந்தாவது தடவை கிளம்புவதற்கு முன் கையைத் தூக்கிச் சிலுவை போட்டுக்கொண்டாள். கார் அதற்குள் உருள ஆரம்பித்திருந்தது.

அப்பாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. ஞாயிறு காலையில் எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடம் காலியாகிவிடும். கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் எங்காவது கிளம்பிப் போயிருப்பார்கள். அங்கே அப்பா சுண்ணக்கட்டியால் பரீட்சைப் பாதையை அப்படியே வரைந்தார். அம்மா நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, குனிந்தபடியே கோடு இழுத்துக்கொண்டு பின்னால் நகர்வார். வளைவு, குறுகிய திருப்பம், ரயில் கடவு எல்லாம் வந்தன. அம்மா பீன்ஸ் வேகவைக்கும் பாத்திரத்தின் மூடியை இரு கையிலும் பிடித்துக்கொண்டு அந்தக் கோடுகளுக்குள் நடந்தாள். நான் சமிக்ஞை விளக்கு: சிவப்பு மேலங்கி ஒரு கையில், பச்சைத் துண்டு மறு கையில். ரொஜேரியோ தன் குட்டி சைக்கிளில் அவள் இடப்பக்கமாகப் புகுந்து புகுந்து வருவான். அவனைப் பார்க்காமல் திரும்பினால் அவன் கீழே விழுந்து செத்துப்போனதுபோலக் கிடப்பான். ஒருநாள் பதினொரு தடவை செத்தான்.

மழை பெய்தால் கோடுகள் அழிந்துவிடும். அடுத்த ஞாயிறு அப்பா மறுபடி வரைவார். தொழிற்சாலையில் அப்பாவும் அம்மாவும் வேறு வேறு ஷிப்ட். வாரம் முழுக்க இருவரும் வாசலில் சாவியைக் கைமாற்றிக்கொள்வதோடு சரி. நால்வரும் சேர்ந்தாற்போல வெளியே நின்ற நேரம் அதுதான். அது பரீட்சைக்கான பயிற்சி என்பதே எனக்கும் தம்பிக்கும் பாதி நேரம் மறந்திருக்கும்.

முதல் மாடியில் தெராதா சுமியே என்று ஒரு பெண் இருந்தாள். அம்மாவின் வயதுதான் இருக்கும். வீடு வீடாகப் பால் புட்டி போடும் சின்ன வண்டியை ஓட்டுபவள். குப்பையைத் தவறான நாளில் வைத்ததற்காக எங்கள் கதவை இரண்டு முறை தட்டியிருக்கிறாள். அதனால் எங்களுக்கு அவளைக் கண்டால் பயம். ஆறாவது தடவையும் தோற்ற அடுத்த ஞாயிறு அவள் துணிக் கூடையோடு படியிறங்கி வந்தாள். சத்தம் போடுகிறோம் என்று சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்து அப்பா சுண்ணக்கட்டியைப் பையில் மறைத்தார்.

அவளோ தரையைப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "மியாசாக்கி சான், இந்தத் திருப்பம் தப்பு. இவ்ளோ அகலமா இருந்தா யாரு வேணும்னாலும் பாஸ் ஆயிடுவாங்க" என்றாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவிடமிருந்து சுண்ணக்கட்டியை வாங்கி, தானே வரைந்தாள்.

அம்மாவுக்கு அன்று பொறுக்கவில்லை. தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில், "பன்னெண்டு வருஷம் வண்டி ஓட்டினவ நான். மலைப்பாதையில, மழையில, ராத்திரியில ஓட்டினவ" என்றாள்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியும்னு பரீட்சை எடுக்கிறவங்களுக்கும் தெரியும். நீங்க பாக்குறீங்களான்னுதான் பாக்குறாங்க. கண்ண மட்டும் திருப்பினா பக்கத்துல உக்காந்திருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? தலையத் திருப்புங்க. உங்க பின்னல் இந்தத் தோள்ல வந்து விழணும்."

"அப்படித் திருப்பினா என்னப் பைத்தியம்னு நெனப்பாங்க."

"நெனச்சுட்டுப் போகட்டும். நானே ரெண்டு தடவ கோட்ட விட்டவதான். இங்கயே பொறந்து வளந்தவ."

அதன்பிறகு அவளும் ஒரு வண்டியானாள். எதிர்த்திசையில் கூடையைப் பிடித்தபடி நடந்து வந்து, அம்மா வழிவிடாவிட்டால் முறைப்பாள். அவள் கணவர் மேலே நின்று சிகரெட் பிடித்தபடி, இரண்டு பெண்களும் மோதிக்கொள்ளப் போகும்போதெல்லாம் வாயாலேயே ஹாரன் அடிப்பார். இரண்டாம் மாடிப் பெரு நாட்டுக்காரர் தன் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு பேருந்தாக வந்தார். பதினொரு மணிக்கு எல்லாரும் தரையில் உட்கார்ந்து சோற்று உருண்டையும் அம்மா சுட்ட பாலாடைக்கட்டி ரொட்டியும் தின்போம்.

ஏழாவது தடவையும் போயிற்று. அக்டோபரில், எட்டாவது தடவையில் அம்மா தேறினாள். கழுத்து வலிக்கிறதா என்று பரீட்சை எடுத்தவர் அக்கறையோடு கேட்டாராம்.

உடன் வேலை பார்த்த ஒருவரிடம் பழைய வெள்ளை வேன் ஒன்றை வாங்கினோம். முதல் ஞாயிறு தெராதா தம்பதியையும் ஏற்றிக்கொண்டு கடற்கரை மணல்மேட்டுக்குப் போனோம். அம்மா வழி முழுக்க மெதுவாகவே ஓட்டினாள். சைக்கிளில் வந்த ஒரு தபால்காரர் எங்களைத் தாண்டிப் போனார். அப்பா முன் இருக்கையில் இரு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார்.

கார் வந்த பிறகு ஞாயிறுகள் நீண்டன. ஏரி, பிரேசில் கடை, தேவாலயம் என்று போனோம். யாருக்காவது பிரசவ வலி என்றால் ஆஸ்பத்திரிக்கும் அம்மாதான். எல்லாம் நல்லதுதான். ஆனால் நாங்களும் ஞாயிறு காலையில் கிளம்பிப் போகிறவர்களாகிவிட்டோம். வண்டி நிறுத்துமிடத்தில் கோடு வரைய யாருமில்லை. அடுத்த கோடையில் ரொஜேரியோ ஒருநாள் காருக்குள்ளிருந்து, "இன்னிக்கு நடந்தே ஓட்டலாமாம்மா?" என்று கேட்டான். நேரமாகிறது என்றாள் அம்மா.

2009இல் தொழிற்சாலைகள் ஆள் குறைத்தபோது, எங்கள் குடியிருப்பிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பிரேசிலுக்குத் திரும்பினார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனி, ஞாயிறுகளில் அம்மா அவர்களைப் பெட்டிகளோடு விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டாள். போகும்போது வண்டி நிறைந்திருக்கும்; வரும்போது அவள் மட்டும். அப்பாவுக்கும் வேலை போயிருந்தது. நாமும் போய்விடலாமா என்று ஒருநாள் கேட்டார்.

"எல்லாரும் போயிட்டா அப்பறம் யாரு கொண்டு விடுறது?" என்றாள் அம்மா. அது பதிலில்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நாங்கள் போகவில்லை.

இப்போது அம்மாவுக்கு அறுபத்துமூன்று வயது. முதியோர் பகல்நேர இல்லம் ஒன்றின் வேனை ஓட்டுகிறாள். தெராதா சுமியே தன் மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். புத்தாண்டுக்கு வாழ்த்து அட்டை வரும். ஞாயிறுகளில் என் பிள்ளைகள் கடலுக்குக் கூட்டிப்போகச் சொல்லிப் பாட்டியை நச்சரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாவியைத் தொடமாட்டேன் என்பாள். அதனால் பேருந்தில்தான் போகிறோம். அம்மா ஜன்னலோர இருக்கையைப் பிடித்துக்கொள்வாள். இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிவிடுவாள்.