கனகா கேட்ட தண்ணீர்

போன வாரம் எனக்கு வயிற்றுப்போக்கு. கிடைத்த பிரசாதத்தையெல்லாம் இந்த வயதிலும் துன்னுகினே இருந்தால் வேறென்ன ஆகும்? திருப்பதி ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு நர்ஸ் பெண் ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தாள். ஆரஞ்சு வாசனை. வாயில் வைத்தால் உப்பு, கூடவே இனிப்பு.

"இன்னாம்மா இது, ரெண்டுங்கெட்டானா இருக்குது?"

"ரெண்டும் சேர்ந்தாதான் டீச்சரம்மா குடல் இழுத்துக்கும்."

குடலின் ஒவ்வொரு செல்லும் தன் சக்தியைச் செலவழித்து, உள்ளே இருக்கும் உப்பை ரத்தத்தின் பக்கம் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்குமாம். உள்ளே உப்பு குறைவதால் குடலில் இருக்கும் உப்பு அதற்குள் நுழையப் பார்க்கும். கூடவே சர்க்கரையும் வந்தால் செல்லின் சவ்வில் ஒரு வாசல் திறக்கும். இரண்டும் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். "காலராவுலகூட அந்த வாசல் அடைபடாது," என்றாள்.

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

கனகா என் தங்கை. ஆந்திரம் பிரிந்து, நகரி பக்கத்திலிருந்த எங்கள் ஊர் மெட்ராசோடா ஆந்திராவோடா என்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்த காலம். நான் அப்போதுதான் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்திருந்தேன். என் தெலுங்கைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கும். கனகாவோ கரித்துண்டால் தரையெல்லாம் தெலுங்கு எழுதிப் பழகுவாள். "எந்தப் பக்கம் போட்டா இன்னாக்கா, நான் ரெண்டு பாஷையிலயும் டீச்சராவேன்."

அந்த வருஷ மழைக்குப் பிறகு ஊரில் வாந்திபேதி வந்தது. காலையில் கனகாவுக்கு ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் கண் குழிந்து, விரலெல்லாம் சுருங்கிப்போயிற்று. "அக்கா, ஒரு வாய் தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"குடுக்காதம்மா," என்றார் நைனா, எங்கள் அப்பா. "உள்ள போனா அத்தினியும் வெளிய கொட்டிடும். பொறுத்துக்கோடி கண்ணு." சொல்லும்போதே அழுதார்.

மனசு கேட்காமல் அம்மா உப்புத்தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். அதுவும் நிற்கவில்லை. அதற்கப்புறம் ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. அடுப்படியில் ஒரு பானை வெல்லம் இருந்தது. அதைச் சேர்க்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் அன்று யாருக்குத் தெரியும்?

திருப்பதிக்குப் போனால் சலைன் ஏற்றுவார்கள் என்று வண்டி கட்டினோம். புத்தூர் வருவதற்குள் என் மடியிலேயே அடங்கிவிட்டாள்.

"கடைசி வரைக்கும் தண்ணி குடுக்காம பாத்துக்கினேன். இல்லாங்காட்டி கொழந்த இன்னும் கஷ்டப்பட்டிருக்கும்," என்று நைனா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பொட்டலம் எங்கள் பக்கம் வருவதற்குள் போய்விட்டார். அந்தமட்டில் நல்லது.

எல்லைச் சண்டை ஒருவழியாக ஓய்ந்தது. ஊர் ஆந்திராவில் நின்றது. எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது பெரிய ரோடு. கனகாவை ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. அவளைக் கண்ணால் பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். எனக்கும் இப்போதெல்லாம் அந்த முகம் முழுசாக வருவதில்லை.