அம்சா அக்காவின் கியர் வண்டி

அம்சா அக்காவைக் கொன்றது உப்பளக் குத்தகைக்காரர். மருத்துவமனைத் தாளில் சிறுநீரகச் செயலிழப்பு என்று இருக்கிறது. எழுதிய டாக்டர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் அக்காவைக் கடைசி வாரத்தில்தான் பார்த்தார்.

செய்தி வந்தபோது கடையில் ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆரோவில்லுக்குப் போகும் சாலையில், பழைய கியர் சைக்கிள்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் கடை அது. நான் அங்கே சம்பளத்துக்கு இருப்பவன். அழைத்தது மேரி அக்கா. மரக்காணம் உப்பளத்தில் அம்சா அக்காவோடு ஒரே பாத்தியில் உப்பு வாருபவர். போனை எடுத்ததுமே என்னை வம்புக்கு இழுப்பதுதான் அவர் வழக்கம். அன்று வம்பு இல்லை. "அம்சா போயிட்டா தம்பி. பாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வூட்டுக்குக் கொண்டாந்துட்டோம். வந்துடு" என்றார். நான் சக்கரத்தை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அக்காவை உப்பளத்தில் பார்த்திருப்பவர்களுக்குக்கூட அவர் எங்கள் கடைக்கு வந்த கதை தெரியாது. சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஐந்து பெண்கள் மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள் வேண்டும், மலை ஏறுகிற மாதிரி தடித்த டயர் வைத்தது வேண்டும் என்றார்கள். முதல்முறை இந்த வகை சைக்கிள் வாங்க வருபவரிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டேன்.

"எங்கக்கா ஓட்டப் போறீங்க?"

"ஊட்டியில" என்றார் மேரி அக்கா. மற்றவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

"கிண்டல் பண்ணாதீங்கக்கா. எதுக்குன்னு சொன்னாத்தான் வண்டி சொல்ல முடியும். இருக்கிற காசுக்குள்ள எது தேவை, எது தேவையில்லன்னு பாக்கணும்."

மறுபடியும் சிரிப்பு. ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்தார்கள். கடைசியில் பின்னால் நின்றிருந்த ஒல்லியான பெண் முன்னால் வந்தார். "இன்னாத்துக்குடி வெக்கம்? மூத்திரம் போறதுக்குத் தம்பி" என்றார். அதுதான் அம்சா அக்கா.

அவரே விளக்கினார். உப்பளம் தாம்பாளம் மாதிரி கிடக்கிறது. ஒதுங்க ஒரு புதர் கிடையாது. ஆண்கள் வரப்போரம் திரும்பி நின்றால் போதும். பெண்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் பெட்ரோல் பங்க் கக்கூஸ்தான் கதி. வரப்பு வரப்பாக நடந்து போய்த் திரும்பினால் இடைவேளை முடிந்திருக்கும், மேஸ்திரி அரைநாள் கூலியைப் பிடிப்பார். அதனால் அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் வேலைக்கு இறங்கினால் வெயில் ஏறி வீடு திரும்பும்வரை ஒரு வாய்கூட இல்லை. ஐந்து பேரில் மற்ற நான்கு பேருக்கும் நீர்க்கடுப்பு வந்து போயிருந்தது. அம்சா அக்காவுக்கு வந்து போகவில்லை, வந்து தங்கிவிட்டது.

வாரக் கடைசியில் செம்மண் பாதையில் ஓட்டி இன்ஸ்டாகிராமில் போடுபவர்களுக்கு சைக்கிள் விற்றுக்கொண்டிருந்தவன் நான். இப்படி ஒரு தேவைக்கு அதுவரை விற்றதில்லை.

அவர்கள் கண் சிவப்பு வண்டி ஒன்றின் மேல் இருந்தது. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக். அதை வேண்டாம் என்றேன். அந்த விலையில் வரும் சஸ்பென்ஷன் வெறும் கனம், உப்புக் காற்றில் ஒரே பருவத்தில் இறுகிப்போகும், டிஸ்க்கும் துருப்பிடித்துக் கத்தும் என்றேன்.

"அப்ப இத எதுக்குடா இங்க மாட்டி வெச்சிருக்க?" என்றார் மேரி அக்கா.

"விக்கத்தான்."

"திருடன்டி இவன். ஆனா நல்ல திருடன்."

ஊரைவிட்டுப் போன வெளிநாட்டுக்காரர் ஒருவர் விற்ற பழைய வண்டியைக் காட்டினேன். அலுமினிய ஃப்ரேம், சஸ்பென்ஷன் இல்லாத முன் ஃபோர்க், ரப்பர் கட்டை பிடிக்கும் சாதாரண பிரேக். நடுக்குழாய் நன்றாகச் சரிந்து தாழ்ந்திருந்ததால் சேலையோடு ஏறலாம். மிச்சப் பணத்தை டயரில் போடச் சொன்னேன், ஈர வரப்பில் புதையாத அகல டயர். அக்கா வேறொன்று கேட்டார். "நான் நெட்டை, இவ குட்டை. சீட்ட ஏத்தி எறக்க ஒவ்வொரு வாட்டியும் ஸ்பேனர் தேடினா அங்கயே போயிடும்." சீட்டுக்குக் கீழே கையால் மடக்கித் திறக்கும் நெம்புகோல் போட்டுக் கொடுத்தேன். அந்தச் சின்ன உருப்படிதான் ஐந்து பேரையும் ஒரே வண்டியில் உட்காரவைத்தது.

கியரில்தான் சண்டை. வரப்பு சமதரை, கியர் தேவையில்லை, உப்பு முதலில் தின்பது அதைத்தான், கழற்றிவிடலாம் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தைப் பத்தாவதோடு விட்டவர் அவர். "பதினொண்ணாவது போயிருந்தா கவர்மெண்டே ஒரு சைக்கிள் குடுத்திருக்கும். போவல. மொதமொத வாங்குறேன், கியரு இருக்கட்டும்" என்றார். கியரை அப்படியே விட்டேன். நான் சொன்னபடியே சில மாதங்களில் பின்கியர் உப்பு அடைத்து நின்றது. கழற்றி ஒற்றைப் பல்சக்கரம் போட்டேன். "நீ சொன்னது சரிதான்பா. ஆனா கியர் வண்டி ஓட்டிட்டேன்ல?" என்றார். தோற்றவர் முகமாக அது இல்லை.

அன்று சைக்கிளை பஸ்ஸில் ஏற்ற கண்டக்டர் மறுத்துவிட்டார். அக்கா ஓட்டியே போனார். பஸ் அவரைத் தாண்டும்போது மேரி அக்கா ஜன்னலில் தலையை நீட்டி, "ஏய், கியர மாத்துடி!" என்று கத்தியதாகவும், இவர் பயத்தில் மாற்றி, செயின் கழன்று, நடுரோட்டில் நின்று இரண்டு கையும் கிரீஸாகப் பஸ்ஸைத் திட்டியதாகவும் பின்னால் கேள்விப்பட்டேன்.

அந்தப் பருவத்தில் ஒருநாள் பிரேக் கட்டை மாற்ற உப்பளத்துக்குப் போயிருந்தேன். அக்கா வண்டியை எடுத்தார். லாரியில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "இன்னாக்கா, ரேஸா?" என்றான். பெடலை மிதித்தபடியே அக்கா சொன்னார்: "ஆமாண்டா. நீ நின்ன எடத்துலயே முடிச்சுக்குவ. நாங்க ரேஸ் ஓடினாத்தான் முடியும்." அவனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். கரையில் இரண்டு தண்ணீர்க் கேன்கள் இருந்தன. முன்பு அவற்றில் ஆண்கள் மட்டுமே குடிப்பார்கள். திரும்பி வந்த அக்கா வரப்பில் நின்று, எல்லோரும் பார்க்க, அண்ணாந்து சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். நான் பார்த்ததிலேயே தைரியமான செயல் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அடுத்த பருவத்தில் குத்தகைக்காரர் சைக்கிளுக்குத் தடை போட்டார். டயரின் பற்கள் வரப்பைக் கிளறுகின்றன, பாத்தித் தண்ணீர் கசிகிறது என்பது அவர் பேச்சு. அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதனால்தான் அக்கா சண்டைக்குப் போகாமல் கடைக்கு வந்தார். பல் இல்லாத அகல டயர் போட்டு, காற்றைக் குறைத்தோம். ஓட்டிக் காட்ட நானும் கூடப் போனேன். முதல் முறை வழுக்கிப் பாத்திக்குள் விழுந்தார். உடம்பெல்லாம் உப்போடு எழுந்து மறுபடி ஏறினார். இரண்டாம் முறை வரப்பில் பாய் அழுத்திய மாதிரி ஒரு தடம் மட்டுமே இருந்தது. மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியுதும்மா. அவருகிட்ட சொல்ல முடியாது" என்றார். மறுநாள் சைக்கிளை உப்பு மூட்டைக் கொட்டகையில் வைத்துப் பூட்டினார்கள். காரணம் வரப்பு அல்ல. பெண்கள் வேலையிலிருந்து எழுந்து போவது குத்தகைக்காரர் கண்ணை உறுத்தியது. அவ்வளவுதான்.

அக்கா மறுபடியும் தண்ணீரை நிறுத்தினார். காலும் முகமும் வீங்கின. போனில் நான் கத்தினேன். "குடிச்சா போவணும். போனா கூலி போவும். ரெண்டுல ஒண்ணு சொல்லு தம்பி" என்றார். சிறுநீரகம் பல வருடமாகவே கெட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். மறுக்கவில்லை. பல வருடமாக என்பதுதான் நான் சொல்வதும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். கடைக்கு வருபவரிடம் எதற்கு ஓட்டப் போகிறீர்கள் என்று இப்போதும் கேட்கிறேன். முன்பு பதில் வருவதற்குள் நானே ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவேன். இப்போது காத்திருக்கிறேன். ஒருவர் சிரித்து மழுப்பினால், சொல்ல முடியாத தேவை ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர் சிரிப்பு அடங்கும்வரை நிற்கிறேன்.

காரியத்தன்று குத்தகைக்காரர் காரில் வந்தார். ஆள் உயர ரோஜா மாலையை டிரைவர் சுமந்து வந்தார். குத்தகைக்காரர் அதை வாங்கிப் படத்துக்குப் போட்டுவிட்டு, "நல்ல வேலைக்காரி. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல" என்று பொதுவாகச் சொன்னார். பந்தலில் யாரும் தலையாட்டவில்லை. அவர் செருப்பை மாட்டும்போது மேரி அக்கா எழுந்து எதிரே போய் நின்றார்.

"சைக்கிள நீங்களே வெச்சிக்கங்க. கக்கூஸ் எப்பங்க கட்டுவீங்க?"

அவர் கைப்பேசியைப் பார்த்தார். டிரைவர் ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்து பிடித்தார்.

"உங்களத்தாங்க கேக்குறேன். எப்ப கட்டுவீங்க?"